எட்டு கிளப், ஒரே தலை: ஊர் ஊராக ஆடிய ரக்பி லீக் வீரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

வட இங்கிலாந்தில் இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடும் ரக்பி லீக் கிளப் ஒன்றில் பிசியோவாக இருக்கிறேன். இங்கே எழுதியிருப்பது என்னவென்று அந்த வீரருக்கும் அவர் மனைவிக்கும் வரிவரியாகச் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கிளப்புகளின் பெயர் எங்கும் வராது. என் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது, அது அதன் இடத்தில் வரும்.

பின்னணி

ரக்பியில் இரண்டு வகை உண்டு. 15 பேர் ஆடுவது யூனியன், 13 பேர் ஆடுவது லீக். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் வடக்கத்திய கிளப்புகள் கூடித் தனியாகப் பிரிந்தன. சண்டை கூலியைப் பற்றியது. சனிக்கிழமை மில்லையும் சுரங்கத்தையும் விட்டுவிட்டு ஆட வருகிறவருக்கு, இழந்த கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. ஆக, லீக் பிறந்ததே கூலிக் கணக்கில்தான்.

கபடி தெரிந்தவருக்கு இந்த ஆட்டம் சட்டென்று பிடிபடும். பந்தோடு ஓடி வருபவரை எதிரணி வரிசையாக நின்று அமுக்க வேண்டும். அமுக்கப்பட்டவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னே தள்ளிவிட்டு மறுபடி தொடங்குவார். ஆறு முறை அமுக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடியில் வருபவர் ஒருவர், வேகமும் கொஞ்ச தூரத்துக்குத்தான். இங்கே 110 கிலோ ஆள் பத்து மீட்டர் ஓட்டத்தோடு வருவார். முன்வரிசையில் நிற்கும் 'ப்ராப்' ஒருவர் ஒரே ஆட்டத்தில் 25, 30 முறை இந்த மோதலுக்குள் போவது சாதாரணம்.

நம் வீரர் அப்படி ஒரு ப்ராப். பெற்றோர் பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து வந்தவர்கள், இவர் பிறந்தது நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில். பதினேழு வயதில் ஓர் ஆள்பிடிப்பவர் கண்ணில் பட்டு, சிட்னி கிளப் ஒன்றின் 20 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் போனார். ஆஸ்திரேலியாவின் உச்ச லீக் போட்டியான என்ஆர்எல் ஆட்டத்தில் பதினோரு முறைதான் இறங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இரண்டாம் நிலைக் கிளப்புகள் இரண்டு, ஒரு வருடம் ஆக்லாந்து, இரண்டு சீசன் பிரான்சின் தெற்கே ஒரு சிற்றூர். 2018 நவம்பரில் இங்கிலாந்து வந்தார். இங்கத்திய முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் ஒரு கிளப், அங்கிருந்து கொஞ்ச காலத்துக்குக் கடனாக இன்னொன்று, கடைசியில் நாங்கள். எட்டு கிளப், நான்கு நாடு, பதினேழு வருடம். மிக நீண்ட ஒப்பந்தம் இரண்டு வருடம்.

இப்படிப்பட்டவரை இங்கே 'ஜர்னிமேன்' என்பார்கள். நாடோடி என்று தமிழில் சொல்லலாம்தான், ஆனால் எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. நாடோடி தன் விருப்பத்துக்குக் கிளம்புகிறவன். இவர் கிளம்பியதெல்லாம் யாரோ ஒரு மேலாளர் செப்டம்பரில் தொலைபேசியில் "அடுத்த வருஷம் உனக்கு இடமில்லை" என்று சொன்ன பிறகுதான்.

எங்களிடம் வந்தபோது வயது 34. மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தார். மூன்று குழந்தைகள். மாதாமாதம் ஆக்லாந்துக்கும் டோங்காவுக்கும் பணம் போகும். விசா இவருடைய விளையாட்டு ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் போனால் பொதுவாக 60 நாள் அவகாசம், அதற்குப் பிறகு மொத்தக் குடும்பமும் கிளம்ப வேண்டும். அப்போதைய விதிப்படி ஐந்து வருடம் முடிந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2023 மார்ச்சில் நான்கு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிமேல் இருந்த நாள்காட்டியில் நவம்பரில் ஒரு தேதியைச் சுற்றி அவர் மனைவி வட்டம் போட்டு வைத்திருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன்.

முதல் அறிகுறி, நான் தவறவிட்டது

சீசன் தொடங்குமுன் எல்லா வீரர்களுக்கும் ஒரு பேஸ்லைன் பரிசோதனை செய்வோம். நலமாக இருக்கும்போது நினைவாற்றல், கவனம், சமநிலை எப்படி என்று குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் தலையில் அடிபடும்போது ஒப்பிடலாம். பத்துச் சொற்களைச் சொல்லி, சில நிமிடம் கழித்து எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்பது அதில் ஒரு பகுதி. இவர் நான்குதான் சொன்னார். மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லும்போது ஆகஸ்டில் நின்று, மறுபடி டிசம்பரிலிருந்து தொடங்கினார்.

"பாப்பா ராத்திரி தூங்கவிடல" என்றார். நானும் படிவத்தின் ஓரத்தில் 'தூக்கமின்மை' என்று எழுதினேன். முன்பு எத்தனை முறை கன்கஷன் வந்தது என்ற கட்டத்தில் அவர் சொன்ன "ரெண்டு, மூணு இருக்கும்" என்பதை அப்படியே நிரப்பினேன். கன்கஷன் என்றால் தலையில் அடிபட்டு, அல்லது உடம்பில் பட்ட அடி தலையைக் குலுக்கி, மூளையின் வேலை கொஞ்ச நேரம் தடுமாறுவது. மயக்கம் போட்டு விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலானவர்கள் விழுவதும் இல்லை.

நன்றாகத் தூங்கிய இன்னொரு நாளில் மறுபடி செய்திருக்க வேண்டும். அன்று இன்னும் பதினெட்டு பேர் வரிசையில் இருந்தார்கள். அது காரணம்தானே ஒழிய நியாயம் ஆகாது.

களத்தில் நடந்தது

மார்ச் மாத ஞாயிறு, ஈரத் தரை. முதல் பாதியின் நடுவில் ஒரு டாக்கிள், அதாவது ஆளை அமுக்குவது. தலையை எதிராளியின் பின்பக்கம் வைக்க வேண்டிய இடத்தில் முன்பக்கம் வைத்துவிட்டார். இடுப்பெலும்பு நெற்றிப்பொட்டில் பட்டது. உடனே எழுந்தார், கையைக் காட்டினார், வரிசைக்கு ஓடினார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு டாக்கிள் கழித்து எதிரணி வரிசையில் போய் நின்றார். ஒரு நொடிதான், சக வீரர் தோளைப் பிடித்துத் திருப்பினார். அதைத்தான் நான் பார்த்தேன்.

வெளியே அழைத்து வந்தோம். கிளப் மருத்துவரும் நானும் மேடாக்ஸ் கேள்விகளைக் கேட்டோம். 1995-இல் ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களை வைத்துச் சோதிக்கப்பட்ட ஐந்து எளிய கேள்விகள் அவை. எந்த மைதானத்தில் இருக்கிறோம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா. முதல் மூன்றுக்குச் சரியாகச் சொன்னார். போன ஆட்டம் யாரோடு என்றதும் தயங்காமல் ஒரு பிரெஞ்சு ஊரின் பெயரைச் சொன்னார். ஜெயித்தோமா என்றால், "இல்ல, மழை, ஆறு புள்ளியில தோத்தோம்."

நான் கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். இவர் கேலி பேசும் ஆள்தான். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஓர் ஆட்டத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு அவர் மறுபடி களம் இறங்கவில்லை. இன்னொரு ப்ராப் ஏற்கெனவே முழங்கால் காயத்தோடு உட்கார்ந்திருந்தார், பயிற்சியாளருக்கு முகம் சுருங்கியது. ஆனால் வாதம் பண்ணவில்லை, அதைச் சொல்ல வேண்டும். டிரெஸ்ஸிங் ரூமில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், "பசங்க டிக்கெட்டை யார்கிட்ட குடுத்தேன்?" என்று கேட்டார். கேட்டில் கொடுத்தீர்கள், உள்ளே வந்துவிட்டார்கள் என்றேன். தலையாட்டினார். நான்கு நிமிடத்தில் அதே கேள்வி. அரை மணி நேரத்தில் ஐந்து முறை.

கணக்கெடுப்பு

அதே மாதம் என்ஆர்எல், கன்கஷன் ஆன வீரருக்கு 11 நாள் கட்டாய ஓய்வு என்று அறிவித்திருந்தது. எங்கள் ஆட்களும் 'எத்தனை நாள்' என்ற கேள்வியில்தான் இருந்தார்கள். எங்கள் மருத்துவர் மட்டும் வேறொன்று கேட்டார்: "இது எத்தனையாவது?"

வீரரிடம் நேராகக் கேட்டால் "ரெண்டு, மூணு" என்பதற்கு மேல் வரவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனேன், மனைவியும் உட்கார்ந்தார். கன்கஷன் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு கிளப்பாக எடுத்துக்கொண்டு, "அங்கே ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த வழி ஞாபகம் இல்லாத நாள் உண்டா? பஸ்ஸில் வாந்தி எடுத்த நாள்? மறுநாள் ஜன்னல் திரையை மூடிக்கொண்டு படுத்த நாள்?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். பதில் சொன்னது பெரும்பாலும் மனைவி. அவர் வருடங்களை வைத்துச் சொல்லவில்லை, குழந்தைகளை வைத்துச் சொன்னார். "மூத்தவன் வயித்துல இருந்தப்போ ஒண்ணு, நான்தான் கார் ஓட்டினேன்." "நடுவுல உள்ளவளுக்குப் பல் முளைச்சப்போ ஒண்ணு, அழுகைச் சத்தம் தாங்காம கராஜ்ல போய் படுத்தார்."

பிறகு கடிதங்கள். நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காயம் யாருக்கு ஏற்பட்டாலும் ஏசிசி என்ற அரசு அமைப்பு செலவை ஏற்கிறது. அதனால் பள்ளிக்கூட மைதானத்துக் காயத்துக்குக்கூட அங்கே ஒரு பதிவு இருக்கும். அவர் கையெழுத்தோடு கேட்டதும், பதினைந்து, பதினாறு வயதில் இரண்டு தலைக்காயப் பதிவுகள் வந்தன. சிட்னியிலிருந்து ஆறு வாரம் கழித்து ஒரு நல்ல கோப்பு, அதில் இரண்டு. குயின்ஸ்லாந்தில் எதுவும் கிடைக்கவில்லை, மருத்துவர்கள் மாறிவிட்டார்களாம். பிரான்சிலிருந்து கையால் எழுதிய ஒரே தாள், ஒரு மயக்கம், அதற்கு அடுத்த வாரமே ஆடியிருக்கிறார். இங்கிலாந்தின் முதல் கிளப்பில் ஒன்று. கடனாகப் போன கிளப்பில் எதுவும் இல்லை, ஆனால் கராஜில் படுத்தது அந்தக் காலத்தில்தான்.

பதிவில் இருப்பது ஆறு, வீட்டில் மட்டுமே தெரிந்தது ஐந்து, எங்களோடு சேர்த்துப் பன்னிரண்டு.

எண்ணிக்கையைவிட என்னை உலுக்கியது வேறு. சிட்னிக் கோப்பில் இருபது வயதில் செய்த நினைவுப் பரிசோதனை இருந்தது. முறை வேறு, வயதும் வேறு, ஒன்றுக்கொன்று நேராக வைத்துப் பார்க்க முடியாது. அப்படியும் அந்த ஆளும் ஜனவரியில் என் முன் உட்கார்ந்த ஆளும் ஒருவரல்ல என்பது தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு கிளப்பும் புதிதாக ஒரு பேஸ்லைன் எடுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் முந்தைய அடிகளுக்குப் பிறகு மிச்சம் இருந்தவரையே 'நலமாக இருப்பவர்' என்று குறித்துக்கொண்டிருக்கிறது. தரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் எங்கள் எங்கள் தரையிலிருந்துதான் அளந்தோம்.

ஒரே கிளப்பில் பத்து வருடம் ஆடியிருந்தால் ஒரே மருத்துவர் இதைப் பார்த்திருக்கக்கூடும். பத்து வருடம் ஒரே இடத்தில் ஆடியவருக்கு இங்கே நன்றி ஆட்டம் நடத்தி நிதி திரட்டித் தரும் வழக்கமும் உண்டு. எட்டு இடத்தில் ஆடியவருக்கு அந்தக் கோப்பும் இல்லை, அந்த நிதியும் இல்லை.

எடுத்த முடிவுகள், ஏன்

நரம்பியல் நிபுணர் பார்க்கும்வரை மோதல் பயிற்சிகூடக் கிடையாது என்பது முதல் முடிவு. இதில் யாருக்கும் தயக்கம் இல்லை.

எம்ஆர்ஐ சுத்தமாக வந்தது. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினார். நிபுணர் அவரிடம் பொறுமையாகச் சொன்னார்: ரத்தக்கசிவு, கட்டி இல்லை என்பதைத்தான் இது காட்டும். தொடர் அடிகளால் வரும் சிடிஇ என்ற மூளைச்சிதைவை உயிரோடு இருக்கும்போது எந்தப் படமும் உறுதியாகக் காட்டாது. 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முன்னாள் ரக்பி லீக் வீரர்கள் இருவரின் மூளையில் அதைக் கண்டதாக அறிவித்தபோது, இருவருமே இறந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. இவருக்கு அது இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அடிகள் நெருங்கி வருகின்றன, ஒவ்வொரு முறையும் சின்ன அடிக்கே பெரிய தடுமாற்றம், தேற எடுக்கும் நாள் கூடுகிறது. இந்த மூன்றையும் வைத்து, ஆட்டத்தை நிறுத்துங்கள் என்பது அவர் ஆலோசனை. அது மே மாதம். வீரர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது கருத்து கேட்டார். கேட்க உரிமை உண்டு, ஏற்பாடு செய்தோம். அங்கேயும் அதே பதில்.

இரண்டாவது முடிவு கிளப்புடையது. ஆடாவிட்டாலும் ஒப்பந்தத்தை நவம்பர்வரை முறிப்பதில்லை என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்தது. தாராள மனம் மட்டுமல்ல காரணம். ஒப்பந்தம் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்த வீரரும் எங்களிடம் தலைவலி என்று வாய் திறக்க மாட்டார், அது மற்ற இருபது பேருக்கும் பாடமாகிவிடும் என்று மருத்துவர் நிர்வாகக் கூட்டத்தில் பேசினார். சின்ன கிளப்புக்கு ஆறு மாதச் சம்பளம் பெரிய காசு. இரண்டு பேர் எதிர்த்தார்கள்.

பிரான்சிலிருந்து ஒரு அழைப்பு

ஜூனில் பிரெஞ்சு கிளப் ஒன்று ஒரு வருட ஒப்பந்தம் தர முன்வந்தது. மருத்துவச் சான்று ஒன்று போதும் என்றார்கள். அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"நான் தகுதியா இருக்கேன்னு ஒரு வரி எழுதிக் குடு. எம்ஆர்ஐ சுத்தம்தானே, பொய் ஒண்ணும் இல்லையே."

நான் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு தாள்கூட இங்கிருந்து போகாது. இரண்டு, அனுமதி கொடுத்தால் முழுக் கோப்பும் போகும், பாதி போகாது. அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீயும் வேலைக்காகத்தானே உன் ஊரை விட்டு வந்தே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஒன்பது நாள் பேச்சில்லை. அந்த ஒன்பது நாளும் எனக்கு நன்றாகப் போகவில்லை. பிரெஞ்சு கிளப்பை நானே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று ஓர் இரவு தோன்றியது. மருத்துவர் தடுத்தார். இவர் ரகசியத்தை நாம் உடைத்தால் அடுத்தவர் நம்மிடம் வரவே மாட்டார் என்றார். சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன், அவர் வேறு மருத்துவரிடம் சான்று வாங்கிப் போயிருந்தாலும் இதையே நினைத்திருப்பேனா என்பது வேறு கேள்வி.

பத்தாம் நாள் இருவருமாக வந்தார்கள். மனைவி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். முதியோர் இல்ல மேலாளர் எழுதியது, அவருக்கு விசா ஆதரவு தரத் தயார் என்று. 2022 பிப்ரவரி முதல் பராமரிப்புத் தொழிலாளர்களுக்குச் சுகாதாரப் பணி விசா திறந்திருந்தது. குடும்பத்தையும் அப்போது அதில் சேர்க்க முடிந்தது. (2024 மார்ச்சில் குடும்பத்தைச் சேர்க்கும் அந்தக் கதவு புதிய பராமரிப்புத் தொழிலாளர்களுக்குச் சாத்தப்பட்டது.) பதினைந்து வருடம் கணவரின் ஒப்பந்தத்தின் பின்னால் வீடு மாற்றிய பெண் இந்த ஒரு முறை தன் பெயரில் ஒப்பந்தம் வாங்கி வந்திருந்தார். எங்கள் நிபுணர்களால் ஆகாதது அந்த ஒரு பக்கக் கடிதத்தால் ஆனது.

பிறகு நடந்தது

ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். இடைவேளையில் மைதானத்தைச் சுற்றி ஒரு நடை, அவ்வளவுதான். ரக்பி லீக் கேர்ஸ் என்ற தொண்டு அமைப்பு ஆட்டத்தை விடுகிறவர்களுக்கு வேலை மாற்றத்தில் கைகொடுக்கிறது, அங்கே அனுப்பினோம். இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியர் உதவியாளராக இருக்கிறார். தலைவலி வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது, தூக்கம் பரவாயில்லை. ஒரு வருடம் கழித்துச் செய்த பரிசோதனையில் பத்துக்கு ஐந்து சொல் சொன்னார். முன்னேற்றம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இழப்பும் உண்டு. ஆட முடியாத வீரர் கிளப்புக்கு இன்னும் தேவை என்று யாரும் எழுதித் தர முடியாது. அதனால் நாள்காட்டியில் வட்டம் போட்ட தேதி வீணானது. மனைவியின் விசாவில் ஐந்து வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. வருமானம் பாதிக்கும் கீழே. டோங்காவுக்குப் போகும் பணம் குறைந்ததைச் சொந்தக்காரர்களிடம் விளக்குவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது என்றார். வெளியே பார்க்க ஆள் மலை மாதிரி இருக்கிறாரே.

புதிய விசா வந்த அன்று அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். எந்த வேலையும் பார்க்கலாம், தொழில்முறை விளையாட்டு வீரர், பயிற்சியாளர் வேலை தவிர என்று அதில் வழக்கமான ஒரு நிபந்தனை வரி இருக்கும். அந்த வரியில் விரலை வைத்து, "உன் டாக்டர் சொன்னா கேக்கல, இப்ப ராஜாவே சொல்லிட்டார்" என்று சிரித்தார்.

இப்போது மாற்றிச் செய்வது

பேஸ்லைன் குறைவாக வந்தால் காரணம் எழுதுவதில்லை, ஒரு வாரத்தில் மறுபடி செய்கிறோம். பழைய கிளப்புகளிலிருந்து, முடிந்தவரை முதல் கிளப்பிலிருந்து, பரிசோதனைத் தாள்களை வீரரின் கையெழுத்தோடு கேட்டு வாங்குகிறோம். பாதிப் பேருடையது வருவதில்லை. வந்தவற்றின் நகலை ஒரு உறையில் போட்டு வீரர் கையிலேயே கொடுக்கிறோம். ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது அது எங்கள் அலமாரியில் இருந்து யாருக்கும் பயனில்லை.

'எத்தனை கன்கஷன்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, கிளப் வாரியாக ஐந்து கேள்வி வைத்திருக்கிறேன். வீட்டில் ஒருவரோடு உட்கார்ந்து நிரப்பச் சொல்கிறேன். இந்த சீசனுக்குப் புதிதாக வந்த ஆறு பேரில் நால்வர் நிரப்பித் தந்தார்கள். ஒருவர் தொலைத்துவிட்டேன் என்கிறார். இன்னொருவர் இதுவரை ஏழு கிளப்பில் ஆடியவர், எல்லா வரியிலும் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். எல்லாம் ஒரே பேனா, ஒரே வேகம். அடுத்த செவ்வாய் அவர் வீட்டுக்குப் போகிறேன்.